அதிகம் பேசாதவர்கள் வேலை தேடுவது எப்படி? மலையகப் பிள்ளைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமைகளில் ஹட்டன் டவுனில் ஒரு சின்ன அறையில், உயர்தரம் முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளோடு உட்காருகிறேன். கிழமை நாட்களில் கண்டியில் ஒரு ஒபிஸில் வேலை. அங்கே வந்து குவியும் விண்ணப்பங்களைப் பிரித்து அடுக்குவதும் என் தலையில்தான். இரண்டு பக்கத்தையும் பார்த்ததில் ஒன்று விளங்கியது. பேச வராததால் வேலையைத் தவறவிட்டவர்கள் கொஞ்சம் பேர். செய்ய வேண்டியதை முன்பின்னாகச் செய்து தவறவிட்டவர்கள்தான் நிறைய.

நானும் பேசாத ஆள். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், எனக்கு ‘ஊமைக்கோட்டான்’ என்று பட்டம். “நாலு பேரோட பழகு, தன்னால வேலை வரும்” என்று எல்லாரும் சொன்னார்கள். அந்த நாலு பேரோடு என்ன பேசுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. கீழே இருப்பது அதுதான். சுபாவத்தை மாற்றச் சொல்லவில்லை. எழுத்தில் முடிகிற வேலையை எழுத்தில் முடித்துவிட்டு, பேசியே ஆக வேண்டிய இடத்துக்குத் தயாராகப் போவது, அவ்வளவுதான். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் முந்தைய படியில் செய்து வைத்ததைக் கேட்கும்.

1. முதலில் முகவரி, நம்பர், பெயர்

தோட்டத்து முகவரிக்கு வரும் கடிதம் பல இடங்களில் தோட்டத்து ஒபிஸுக்குத்தான் போகிறது. அங்கிருந்து யாராவது கையில் எடுத்து வந்து கொடுத்தால் உண்டு. எனக்கு வந்த முதல் நேர்முகப் பரீட்சைக் கடிதம் ஒரு ஒபிஸ் மேசையில் பதினொரு நாள் கிடந்தது. கைக்கு வந்தபோது பரீட்சை முடிந்து நாலு நாள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, பக்கத்து டிவிஷன் கட்டோடு கலந்துவிட்டது. அதனால் தபால்காரர் நேரே வந்து போகும் ஒரு இடத்தை, டவுனில் சொந்தக்காரர் வீடோ தெரிந்த கடையோ, கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டுக்காரரின் பெயரையும் முகவரியில் சேர்த்து எழுத வேண்டும். இல்லாவிட்டால் தபால்காரர் திருப்பி எடுத்துப் போய்விடுவார்.

போன் நம்பர் ஒன்றே ஒன்று, வேலை கிடைக்கும்வரை மாற்றக்கூடாத நம்பர். டேட்டா மலிவு என்று மாதத்துக்கொரு சிம் மாற்றுகிறவர்களை நாங்கள் ஒபிஸிலிருந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுகிறோம். வட்ஸ்அப் படத்தில் நடிகரும் சாமியும் வேண்டாம், உங்கள் முகம் இருக்கட்டும். கூப்பிடுகிறவர் காதில் குத்துப்பாட்டு ஒலிக்கும்படி வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

மின்னஞ்சல் முகவரியை உங்கள் போனிலேயே, உங்கள் நம்பரைக் கொடுத்து உருவாக்குங்கள். கொமியுனிகேஷன் கடையில் ஐந்து நிமிஷத்தில் செய்து கொடுத்த முகவரிக்குக் கடைக்காரர் நம்பர்தான் கொடுக்கப்பட்டிருக்கும். பாஸ்வேர்ட் மறந்த அன்றைக்கு அந்த முகவரி போனது போனதுதான். இதை மட்டும் ஏழு தடவையாவது பார்த்திருக்கிறேன்.

கடைசியாகப் பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறொரு எழுத்து, பெறுபேற்றுச் சான்றிதழில் அப்பா பெயர் முதலெழுத்தாகச் சுருங்கியது என்று மூன்று ஆவணத்தில் மூன்று பெயரோடு இருப்பவர்கள் நம் பக்கத்தில் அதிகம். இப்போதே மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் சிறிதென்றால் சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி ஒன்று எடுத்து வைக்கலாம். பெரிதென்றால் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். வேலை கிடைத்த பிறகு இதற்கு ஓடினால் சேர வேண்டிய திகதி போய்விடும்.

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகள், பாடசாலை விடுகைப் பத்திரம், தொழிற்பயிற்சிச் சான்றிதழ் இருந்தால் அதுவும் எல்லாவற்றையும் ஒரே நாளில் ஸ்கேன் செய்து போனிலும் கூகுள் டிரைவிலும் போடுங்கள். பல்ப் வெளிச்சத்தில், விரல் நிழல் விழ எடுத்த போட்டோ வேண்டாம். மூலப் பிரதியைக் காட்டலாம். யாரிடமும் விட்டுவிட்டு வரக்கூடாது.

2. இரண்டு வேலை, இரண்டு ஊர்

“எந்த வேலையின்னாலும் பரவாயில்ல சேர்.” இதைவிடக் கெடுதல் செய்யும் வசனம் வேறில்லை. கேட்பவர் மனதில் எதுவும் தங்காது. “ஸ்டோர்ஸ் பக்கம், இல்லாவிட்டால் கணக்குப் பக்கம், நுவரெலியாவோ கண்டியோ” என்றால், மூன்று மாதம் கழித்து ஒரு ஸ்டோர்ஸ் வெற்றிடத்தைப் பார்க்கும்போது உங்கள் முகம் அவருக்கு நினைவு வரும்.

வேலையைத் தெரிவு செய்யும்போது சம்பளத்தோடு இன்னொன்றையும் பாருங்கள்: ஒரு நாளில் எத்தனை புது முகத்தோடு பேச வேண்டியிருக்கும்? ஹோட்டல் என்றதும் வரவேற்பு மேசைதான் நினைவுக்கு வருகிறது. அதே ஹோட்டலில் ஸ்டோர்ஸ், சமையலறை, ஹவுஸ்கீப்பிங், இரவில் கணக்குச் சரிபார்க்கும் நைட் ஓடிட் எல்லாம் இருக்கின்றன. தேயிலைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை, வங்கியில் கவுண்டருக்குப் பின்னால் நடக்கும் வேலை, மருந்தகம், ஆய்வுகூடம் என்று அமைதியான மனிதர் பெயர் எடுக்கக்கூடிய இடங்கள் நிறைய.

ஒரு எச்சரிக்கை. ‘மார்கெட்டிங் எக்சிகியூட்டிவ்’ என்று பெரிய எழுத்தில் வரும் விளம்பரங்களில் பல, லீசிங்கோ காப்புறுதியோ இத்தனை பேரைப் பிடித்துக்கொண்டு வா என்று மாதாந்த இலக்கு வைக்கும் வேலைகள். அதில் வெளுத்து வாங்கும் பேசாத பிள்ளைகளும் உண்டு. ஆனால் தெரிந்துகொண்டு போங்கள்.

கையில் தொழில் இருந்து காகிதம் இல்லாதவர்கள், மின் வேலை, வெல்டிங், தையல், பேக்கரி எதுவானாலும், அனுபவத்தைக் காட்டிப் பரிசோதனைக்குத் தோற்றி என்.வி.க்யூ. எனும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். மறுபடி முழுப் பாடநெறியும் படிக்க வேண்டியதில்லை. பக்கத்துத் தொழிற்பயிற்சி நிலையத்தில் ‘முன்கற்றலை அங்கீகரித்தல்’ என்று கேளுங்கள். பேச்சில் உங்களை நிரூபிக்க முடியாத இடத்தில் அந்தக் காகிதம் உங்களுக்காகப் பேசும்.

3. இருபது பெயர்க் கொப்பி

சுயவிபரக்கோவைக்கு முன்னால் இது. ஏனென்றால் யாருக்கு அனுப்பப்போகிறோம் என்று தெரியாமல் எழுதும் சுயவிபரக்கோவை, யாருக்கும் எழுதாத கடிதம்.

ஒரு கொப்பியில் மூன்று நிரல் போடுங்கள். முதல் நிரலில் பெயரும் வேலை செய்யும் இடமும். இரண்டாவதில், அவரை எனக்கு எப்படித் தெரியும். மூன்றாவதில், அவரிடம் கேட்கக்கூடிய ஒரே ஒரு கேள்வி.

முதல் வாரம் எல்லாரும் ஆறு பெயரோடு வந்து “வேற யாரையும் தெரியாது” என்பார்கள். பிறகு நான் கேட்கத் தொடங்குவேன். உங்களோடு சாதாரண தரம் எழுதி இப்போது வேலைக்குப் போகிறவர்கள்? வகுப்புத் தோழியின் அக்கா? டியூஷன் சேர்? தோட்டத்துக் கிளாக்கர், டிஸ்பென்சரி ஐயா? கோயில் கமிட்டியில் இருப்பவர்? உங்கள் லயத்திலிருந்து கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய், இப்போது அங்கே சூப்பர்வைசராக இருக்கும் அண்ணன்? அக்கா மாப்பிள்ளையின் தம்பி? கொமியுனிகேஷன் கடை அக்காவை விட்டுவிடாதீர்கள். டவுனில் யார் ஆள் தேடுகிறார்கள் என்பது முதலில் அவருக்குத்தான் தெரியும், விளம்பரத்தைப் பிரிண்ட் எடுப்பதே அவர்தானே. இப்படிக் கேட்டால் முக்கால் மணித்தியாலத்தில் இருபது தாண்டிவிடும்.

இதில் மூன்று பிழைகள் வருகின்றன. ஒன்று, இருபதையும் நெருங்கிய சொந்தமாகவே நிரப்புவது. உங்களோடு ஒரே வீட்டில் தேத்தண்ணி குடிக்கிறவருக்கு நீங்கள் அறிந்ததுதான் தெரியும். வருஷத்துக்கு ஒருமுறை திருவிழாவில் தலையாட்டிவிட்டுப் போகும் ஆளுக்குத்தான் வேறு ஊர்ச் செய்தி தெரியும். பாதிப் பெயராவது அப்படித் தூரத்துப் பெயராக இருக்கட்டும். பேசாத பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு: தூரத்து ஆளுக்கு எழுதினால் போதும், வீட்டுக்கு வந்து உட்காரச் சொல்லமாட்டார்.

இரண்டாவது, தலைவர் ஒருவரிடம் கடிதம் வாங்கினால் எல்லாம் முடிந்துவிடும் என்று மாதக்கணக்கில் அலைவது. தனியார் நிறுவனத்தில் அந்தக் கடிதத்தை மடித்து ஃபைலின் கடைசியில் வைப்போம்.

மூன்றாவது, மூன்றாம் நிரலில் “வேலை இருக்கா?” என்று இருபது தடவையும் எழுதுவது. அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்று ஒரே பதில்தான் வரும். அதோடு பேச்சும் முடிந்துவிடும். வேலையைக் கேட்காதீர்கள், வேலையைப் பற்றிக் கேளுங்கள். அதற்கு யாரிடமும் பதில் இருக்கும்.

4. சுயவிபரக்கோவை

இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கல்யாணக் கார்ட் மாதிரிக் கரை போட்ட மாதிரிப் படிவம் வேண்டாம். அப்பாவின் தொழில், சமயம், உயரம் எல்லாம் விளம்பரம் கேட்டால் மட்டும். தனியார் துறைக்கு ஆங்கிலத்தில் ஒன்று போதும்.

முதல் பக்கத்தின் மேல் பாதியில் பெயர், நம்பர், நீங்கள் தேடும் வேலை, அதற்குப் பொருத்தமான இரண்டு விஷயம். நூறு விண்ணப்பத்தைப் புரட்டும் ஆள் அந்தப் பாதியைத்தான் பார்க்கிறார்.

‘அனுபவம் இல்லை’ என்று எழுதுவதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள். தலவாக்கலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன், ஒரு மணித்தியாலத்தில் பத்து வசனம் பேசியிருந்தால் அதிகம், அனுபவத்துக்கு நேரே ஒரு கோடு இழுத்து வைத்திருந்தான். கதை வாக்கில், கோயில் கமிட்டிக்கு மூன்று வருஷம் வரவு செலவு எழுதியது அவன்தான் என்று தெரிந்தது. திருவிழாக் காசு, லயம் லயமாக வந்த வரிப் பணம், மேளக்காரர் முற்பணம் எல்லாம் ரசீதோடு. “அத ஏன் தம்பி எழுதல?” என்றேன். “அதெல்லாம் வேலையா சேர்?” என்றான். கணக்கு உதவியாளர் வேலைக்கு அதைவிடப் பொருத்தமான வரி எது? எழுத வைத்தோம். நேர்முகப் பரீட்சையில் அதைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்களாம்.

மொழி அறிவைப் பேச்சு, வாசிப்பு, எழுத்து என்று பிரித்து உண்மையாகப் போடுங்கள். சிங்களம் பேச வரும், எழுத வராது என்றால் அப்படியே. ‘மும்மொழியிலும் தேர்ச்சி’ என்று எழுதிவிட்டு உட்கார்ந்தால், முதல் கேள்வியே சிங்களத்தில் வரும்.

உறவினர் அல்லாத இருவரை அத்தாட்சிக்குக் கேட்பார்கள். கொப்பியிலிருந்து தெரிவு செய்து, அவர்களிடம் அனுமதி கேட்ட பிறகே பெயரைப் போடுங்கள். ஒருமுறை நான் கூப்பிட்டபோது அந்தப் பக்கத்து ஐயா, “யாரு? எந்தத் தோட்டம்?” என்றார். அந்தப் பிள்ளையின் பிழை ஒரு செய்தி அனுப்பாததுதான்.

பி.டி.எஃப் ஆக, உங்கள் பெயரும் வேலையின் பெயரும் ஃபைல் பெயரில் வரும்படி சேமித்து வையுங்கள். ‘நியூ சிவி ஃபைனல் 3’ என்று எனக்கு வாரத்துக்குப் பத்து வருகிறது.

5. முதல் செய்தி

பேசாதவர்களுக்குப் பலம் இங்கேதான். நிதானமாக எழுதலாம், அழிக்கலாம், மறுபடி வாசிக்கலாம். ஆனால் பெரும்பாலானோர் செய்வது வேறு. “ஹாய் அக்கா” என்று மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். அந்தப் பக்கத்தில் அவர், யார் இது, என்ன கேட்கப்போகிறதோ என்று தெரியாமல் திறக்காமலே விட்டுவிடுவார். இன்னும் சிலர், எழுதச் சோம்பி, பக்கத்து வீட்டு டீவிச் சத்தத்தோடு மூன்று நிமிஷத்துக்குக் குரல் பதிவு அனுப்புவார்கள். வேலை நேரத்தில் அதை யார் காதில் வைத்துக் கேட்பது?

என்னிடம் வந்த ஒரு பிள்ளை அனுப்பிப் பதில் வாங்கிய செய்தியை, ஊர் பெயரை மட்டும் எடுத்துவிட்டுத் தருகிறேன்:

“வணக்கம் அக்கா. நான் உங்கள் தங்கச்சியோடு வர்த்தகப் பிரிவில் உயர்தரம் படித்தவள். நீங்கள் கண்டியில் கணக்குப் பிரிவில் இருப்பதாக அவள் சொன்னாள். நானும் அந்த வேலைக்குத்தான் முயற்சி செய்கிறேன். ஏ.ஏ.டி. முதல் மட்டம் முடித்திருக்கிறேன். ஒரே ஒரு கேள்வி: புதிதாக ஆள் எடுக்கும்போது எக்செல் தெரியுமா என்று பார்ப்பார்களா, சேர்ந்த பிறகு பழக்குவார்களா? நேரம் கிடைக்கும்போது இரண்டு வரி எழுதினால் போதும்.”

முதல் வரியிலேயே தான் யாரென்று சொல்லிவிட்டாள். அறிமுகமில்லாத நம்பர் என்ற பயம் போய்விட்டது. இருவருக்கும் பொதுவான ஆள் யாரென்றும் தெரிந்துவிட்டது. தான் ஏற்கனவே செய்திருப்பதை (ஏ.ஏ.டி. என்பது கணக்கியல் பரீட்சை) ஒரே வரியில் சொன்னதால், சும்மா கேட்கவில்லை என்று புரிகிறது. கேள்விக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே பதில் எழுதலாம். கடைசி வரி, அவசரமில்லை என்று விடுவிக்கிறது. ‘வேலை வாங்கித் தாருங்கள்’ என்பது எங்கும் இல்லை. ஆனால் வேலை தேடுகிறாள் என்பது அந்த அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

விளிப்பதில் கவனம். பாடசாலையிலோ தோட்டத்திலோ உங்களுக்கு மூத்தவரென்றால் அண்ணன், அக்கா. அறிமுகமே இல்லாத அதிகாரி என்றால் சேர், மேடம். முதல் செய்தியில் ‘டியர்’, ‘ப்ரோ’ இரண்டும் வேண்டாம். சிங்களம் பேசும் அதிகாரிக்கு எளிய ஆங்கிலத்தில் நாலு வரி எழுதி, தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள்.

நேரம் பாருங்கள். ஹோட்டல்காரர்களுக்குப் பகல் சாப்பாட்டுக் கூட்டம் முடிந்து பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு. கடைக்காரர்களுக்குக் கடை மூடிய பின். ஒபிஸ்காரர்களுக்குக் காலையில், திங்கட்கிழமை தவிர.

வாரத்துக்கு மூன்று செய்திக்கு மேல் அனுப்பாதீர்கள். ஒரே இரவில் இருபதையும் அனுப்பிவிட்டு, மறுநாள் எட்டுப் பேர் பதில் போட்டதும் மிரண்டு போனை அணைத்துவைத்த பிள்ளை ஒன்றை எனக்குத் தெரியும். பதில் வந்தால் அன்றைக்கே மறுபதில் போக வேண்டும், உங்களால் முடிந்த எண்ணிக்கையில் அனுப்புங்கள். முதல் மூன்று பேரும் கொப்பியில் உங்களுக்குப் பயம் குறைவானவர்களாக இருக்கட்டும். முக்கியமான பெயரில் பழகாதீர்கள்.

பதிலுக்கு நன்றி சொல்லிவிட்டு நின்றுவிடுவதுதான் அடுத்த பிழை. அவர் சொன்னதைச் செய்துவிட்டு, மூன்று வாரம் கழித்துத் திரும்பிப் போங்கள்: “அக்கா, நீங்கள் சொன்ன மாதிரி எக்செல் பழக ஆரம்பித்திருக்கிறேன். இந்தப் பக்கம் இன்னும் விசாரிக்க வேறு யாரையாவது சொல்ல முடியுமா?” இந்த இரண்டாவது செய்திக்குத்தான் பெயர்கள் கிடைக்கின்றன. மேலே சொன்ன பிள்ளை ஒன்பது பேருக்கு எழுதினாள். ஒருவரிடமும் அப்போது வெற்றிடம் இல்லை. ஏழாவதாக எழுதியவரிடமிருந்து இரண்டு மாதம் கழித்து வந்தது: “இங்க ஒரு ஆள் தேடுறாங்க, சிவியை அனுப்புங்க.” அவளிடம் தயாராக இருந்தது. அன்று இரவே போய்விட்டது.

கொழும்பு, கண்டிக் கம்பனிகளுக்கு லிங்க்ட்இன் கணக்கு ஒன்று நல்லது. அங்கே தினமும் எதையாவது பதிவு போட வேண்டிய கட்டாயம் ஒன்றுமில்லை. விபரத்தை நிரப்பிவிட்டு, இதே மாதிரிச் செய்தியை அனுப்ப மட்டும் பயன்படுத்துங்கள்.

6. பதில் வராவிட்டால்

ஏழு நாள் பொறுத்து ஒரு தடவை நினைவூட்டுங்கள், ஒரே வரியில். அதற்கும் இல்லையென்றால் கொப்பியில் கோடு போட்டுவிட்டு அடுத்த பெயர். நீல டிக் விழுந்ததா, கடைசியாக எப்போது இருந்தார் என்று பார்த்துக்கொண்டிருப்பது நம்மைப் போன்றவர்களுக்கு விஷம். அவர் டேட்டா போட்டிருக்க மாட்டார், அல்லது மறந்திருப்பார். எனக்கே எத்தனை செய்தி பதில் போடாமல் கிடக்கிறது!

7. போனில் பேச வேண்டிய நாள்

என் முதல் கோலைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது ரிங்கில் பயந்து வெட்டினேன். மறுபடி எடுத்து, மறுபடி வெட்டினேன். இரண்டு மிஸ்ட் கோலைப் பார்த்து அந்த மனிதரே திருப்பிக் கூப்பிட்டார். நான் அப்போது குழாயடியில் நின்றுகொண்டிருந்தேன். கையில் பேப்பர் இல்லை, சுற்றிலும் வாளியோடு ஐந்து பேர். என்ன பேசினேன் என்று இன்றைக்கும் நினைவில்லை.

லயத்தில் போன் பேசுவது தனி வித்தை. ஒரு காம்பராவில், அதாவது லயத்து அறையில், பேசினால் நாலு காம்பராவுக்குக் கேட்கும். சிக்னல் இருக்கும் மேட்டில் மழை, அட்டைக்கடி. ஆகவே இடத்தை முன்கூட்டியே தேடி வையுங்கள்: பாடசாலைத் திண்ணை, கோயில் மண்டபம், டவுனில் கூட்டம் இல்லாத ஒரு மாடிப்படி. முடிந்தால் முதலில் செய்தியில் நேரம் கேளுங்கள்: “நாளை பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் எடுக்கலாமா?” அப்படிக் கேட்டால் பாதிப் பேர் எழுத்திலேயே பதில் சொல்லிவிடுவார்கள். நமக்கு அதுவும் லாபம்தான்.

ஒரு தாளில் நாலு வரி எழுதி வையுங்கள். நான் யார். யார் சொல்லி எடுக்கிறேன். என்ன கேட்க வேண்டும். முடிக்கும் வசனம். கடைசி வரியை எழுதத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். பேச்சு முடிந்த பிறகு எப்படி வைப்பது என்று தெரியாமல் ‘ம்ம்… சரி… ம்ம்…’ என்று இழுப்பதுதான் கூச்சத்தைக் கூட்டுகிறது. “நேரம் ஒதுக்கினதுக்கு ரொம்ப நன்றி சேர், சிவியை இன்னைக்கே அனுப்புறேன், வைக்கிறேன்” என்று எழுதி வைத்திருந்தால் கரை தெரிகிற ஆற்றில் இறங்கின மாதிரி.

வேலை நேரத்தில் திடீரென்று அறியாத நம்பர் வந்து, சத்தமான இடத்தில் இருந்தால், எடுத்து இதை மட்டும் சொல்லுங்கள்: “சேர், நான் பஸ்ல இருக்கேன், பத்து நிமிஷத்துல திருப்பி எடுக்கலாமா?” யாரும் கோபிப்பதில்லை. எடுக்காமல் விடுவதற்குத்தான் கோபிப்பார்கள்.

8. விளம்பரத்துக்கு விண்ணப்பிக்கும்போது

அரச வேலைக்கு வெள்ளிக்கிழமை வர்த்தமானி. இணையத்தில் தமிழிலும் இலவசமாகப் பார்க்கலாம். தனியார் துறைக்கு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகள், டொப்ஜொப்ஸ் போன்ற தளங்கள். வாரத்தில் இரண்டு நேரம் வைத்துப் பாருங்கள், நாள் முழுக்கப் போனைத் தடவுவது தேடல் இல்லை.

விளம்பரத்தில் நிறுவனத்தின் பெயரைக் கண்டதும் கொப்பியைத் திறவுங்கள். அங்கே யாரையாவது தெரியுமா? அவரிடம் முதலில் ஒரு கேள்வி, பிறகு விண்ணப்பம். எல்லாரும் தலைகீழாகச் செய்வார்கள்.

தபாலில் கேட்டால் பதிவுத் தபால். உறையின் இடது பக்க மேல் மூலையில் பதவியின் பெயரை எழுதச் சொல்லியிருப்பார்கள், எழுதாதது ஒதுக்கப்படலாம். மின்னஞ்சலில் என்றால் தலைப்பில் பதவியின் பெயர், உள்ளே மூன்று வரியாவது. வெறும் ஃபைலை இணைத்துவிட்டு உள்ளே ஒன்றும் எழுதாமல் அனுப்புவது, வீட்டு வாசலில் ஒன்றும் சொல்லாமல் நிற்பது மாதிரி.

நேர்முகப் பரீட்சைக்கு முன்பே ‘பதிவுக் கட்டணம்’, ‘யூனிஃபோர்ம் காசு’ கேட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள். வெளிநாட்டு வேலை என்றால், முகவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பணியகத்திலேயே பார்த்த பிறகுதான் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். மறுத்துப் பேசக் கூசும் பிள்ளைகளைத்தான் இவர்கள் குறிவைக்கிறார்கள்.

9. நேரில் போய்க் கேட்பது

சில இடங்களில் இதுதான் வழி: நுவரெலியா, எல்ல, பண்டாரவளைப் பக்கத்துச் சிறிய ஹோட்டல்கள், டவுன் கடைகள். நுவரெலியாவில் ஏப்ரல் மாத சீசனுக்கு ஆள் வேண்டுமென்றால் பெப்ரவரியிலேயே போக வேண்டும். ஏப்ரலில் போனால் முகாமையாளருக்கு நிமிர்ந்து பார்க்கவும் நேரமில்லை.

ஒரு நாளைக்கு மூன்று இடம். வாசலில் சொல்ல இரண்டு வசனம், கையில் ஒரு கடித உறை. “முகாமையாளர் இல்லாவிட்டால் இதைக் கொடுக்க முடியுமா?” என்று கேட்டு, வாங்கியவரின் பெயரைக் கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள். நண்பரைக் கூட்டிப் போகலாம், ஆனால் வாசலோடு நிறுத்திவிடுங்கள். அவர்தான் பேசுவார், அவரைத்தான் வேலைக்குக் கேட்பார்கள். நடந்திருக்கிறது.

10. நேர்முகப் பரீட்சை

கொழும்பில் காலை ஒன்பது மணிக்கு என்றால் முதல் நாளே போய்த் தங்குங்கள். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை வழியாகப் போகும் பாதையில் மழைக்காலத்தில் எங்கே மண் சரியும் என்று யாருக்கும் தெரியாது. இரவெல்லாம் பஸ்ஸில் ஆடிவிட்டு வந்து உட்காரும் பேசாத பிள்ளை, இன்னும் பேசாது.

“உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்பதற்கு அரை நிமிஷப் பதிலை எழுதி, சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது பழக்கம் ஆகாது, நாக்குக்குப் பழக வேண்டும். அதையே சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மூன்று வசனமாக வைத்திருங்கள். அதற்குமேல் வராவிட்டால் “இவ்வளவுதான் பேச வரும், பழகிக்கொண்டிருக்கிறேன்” என்று அந்த மொழியிலேயே சொல்லத் தெரிந்தால் போதும்.

மூன்று சம்பவம் தயார் செய்யுங்கள்: ஒரு பிழையைக் கண்டுபிடித்தது, ஒரு சிக்கலைத் தீர்த்தது, ஒன்றைப் புதிதாகக் கற்றது. கோயில் கணக்குப் பையனுக்கு மூன்றும் அந்த ஒரு கணக்குப் புத்தகத்திலேயே இருந்தது. எந்தக் கேள்வி வந்தாலும் இந்த மூன்றில் ஒன்றைத் தொட்டுக்கொண்டு பேசலாம்.

யோசிக்க நேரம் வேண்டுமென்றால் “ஒரு நிமிஷம் யோசிச்சுச் சொல்றேன் சேர்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு மௌனமாக இருந்தால் நிதானமான ஆள் என்பார்கள். சொல்லாமல் இருந்தால் பதில் தெரியாத ஆள் என்பார்கள்.

வீட்டில் ஒரே ஒருவருக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். லயம் முழுக்கத் தெரிந்தால், திரும்பி வரும்போது ஒவ்வொரு வாசலிலும் “என்னாச்சு?” வரும். கிடைக்காத வேலையைவிட அந்தக் கேள்விதான் அடுத்த தடவை போக விடாமல் தடுக்கிறது.

11. நியமனக் கடிதம் வந்த பிறகு

கையெழுத்துப் போடுமுன் வாசியுங்கள். தகுதிகாண் காலம் எவ்வளவு, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, விலக எத்தனை நாள் அறிவித்தல். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதம், நிறுவனத்திடமிருந்து 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிறுவனம் 3 வீதம், அது உங்கள் சம்பளத்தில் கழியக்கூடாது. கேட்கக் கூச்சமென்றால் மின்னஞ்சலில் கேளுங்கள், எழுத்தில் பதில் கிடைப்பது இன்னும் நல்லது.

அன்றைக்கே கொப்பியை எடுத்து, பதில் போட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு வரி அனுப்புங்கள், வேலைக்கு உதவாத பதிலைப் போட்டவருக்கும். அத்தாட்சிக்குப் பெயர் தந்த இருவருக்கும் இது முதலில் போகட்டும். லயத்துக்குக் கடைசியாகச் சொல்லலாம். சம்பளம் எவ்வளவு என்று கேட்பார்கள். சிரித்துவிட்டு உள்ளே போய்விடுங்கள், அதிலாவது நமக்குப் பழக்கம் உண்டு.